பக்கி வண்டி வயரிங்: நாலு மாசம் தேடின கோளாறுகள்

போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு நாங்களே கட்டின பக்கிய (மணல்ல ஓட்டுற திறந்த வண்டி) எடுத்துட்டுப் போய் எட்டே முக்கால் வரைக்கும் மணல்ல ஓட்டிட்டு வந்தோம், ஒரு தடவை கூட தானா நிக்கல, நாங்களா வேணும்னே பதினோரு தடவை ஆஃப் பண்ணி செல்ஃப் அடிச்சுப் பாத்தோம், பதினோரு தடவையும் முதல் அடியிலேயே எடுத்துச்சு. நாலு மாசமா இதுக்குத்தான் அலைஞ்சோம். சூடு ஆறறதுக்குள்ள எல்லாத்தையும் எழுதி வச்சிரணும்னு உக்காந்திருக்கேன், ஏன்னா அளந்த நம்பர் எல்லாம் ஒரு பழைய நோட்டுல கிரீஸ் கையோட கிறுக்கி வச்சிருக்கேன், இன்னும் ரெண்டு மாசம் போனா எனக்கே புரியாது.

நாங்க இருக்கது உடன்குடி பக்கம். சித்தப்பாவோட பனந்தோட்டம் தேரி (செம்மணல் மேடு) ஓரமா இருக்கு, செக்கச்செவேல்னு செம்மணல், கால வச்சா கணுக்கால் வரைக்கும் புதையும். வனத்துறை எல்லைக்குள்ள போறதே கிடையாது, ஓட்டம் எல்லாம் சித்தப்பா நிலத்துக்குள்ள தான். வண்டி நானும் தம்பியும் (சித்தப்பா மகன்) சேந்து வெல்டிங் அடிச்சது. ஒண்ணேகால் இஞ்ச் பைப் ஃப்ரேம், கார்புரேட்டர் மாடல் மாருதி 800 இன்ஜினும் கியர்பாக்ஸும் அப்படியே எடுத்து பின்னாடி உக்கார வச்சிருக்கோம். பின்னாடி வெயிட் ஜாஸ்தியா இருக்குன்னு பேட்டரிய முன்னாடி கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல வச்சோம். இத முதல்லயே சொல்றதுக்கு காரணம் இருக்கு, பாதி பிரச்சனை இந்த ஒரு முடிவுல இருந்துதான் வந்துச்சு.

வண்டி குடுத்த தொல்லை மூணு. ஒண்ணு, சில நேரம் சாவிய திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வரும், செல்ஃப் சுத்தாது, குறிப்பா இன்ஜின் சூடா இருக்கும்போது. ரெண்டு, மேடு பள்ளத்துல குதிச்சா இன்ஜின் பட்டுன்னு ஆஃப் ஆகும், சில நேரம் உருண்டுக்கிட்டே இருக்கும்போது தானாவே மறுபடியும் எடுத்துக்கும். மூணு, மூணு நாலு நாள் எடுக்காம விட்டா பேட்டரி இறங்கிரும். நாங்க பண்ணின பெரிய தப்பு என்னன்னா இந்த மூணுக்கும் ஒரே காரணம் தான் இருக்கும்னு முடிவு பண்ணது. ஒரே காரணம்னு நினைச்சதால ஒரு பொருள மாத்துவோம், மூணுல ஒண்ணு கொஞ்சம் கொறஞ்ச மாதிரி தெரியும், மத்த ரெண்டும் அப்படியே இருக்கும், உடனே அது இல்லன்னு அடுத்த பொருளுக்குப் போயிருவோம்.

அப்படி மாத்துனது: புது 35 ஏஹெச் பேட்டரி 3800 ரூபா, செல்ஃப் மோட்டார் கழட்டி கார்பன் பிரஷ், புஷ் போட்டு சர்வீஸ் 900, இக்னிஷன் காயில் 750. ஆக்சிலேட்டர் கேபிள் ரெண்டு தடவை, தடவைக்கு 280. ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, நாங்களும் சம்பந்தம் இருக்கும்னு நினைக்கவே இல்ல. கேபிள் இறுகிக்கிட்டே வந்துச்சு, உள்ள இருக்க பிளாஸ்டிக் ட்யூப் உருகி ஒட்டியிருந்துச்சு, சைலன்சர் பக்கத்துல போகுதுன்னு நினைச்சு வழிய மாத்தி மாத்தி போட்டோம். ரெண்டாவது கேபிளும் அதே மாதிரி ஆன பிறகுதான் எங்க ஊர் பக்கத்துல ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்க அண்ணாச்சிட்ட கொண்டு போய் காட்டுனேன். அத கையில வாங்கி வளைச்சுப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க, "தம்பி, இன்ஜினுக்கு எர்த் எங்கன குடுத்திருக்க?"

நான் ஃப்ரேம்ல குடுத்திருக்கோம்னு சொன்னேன். "ஃப்ரேம்ல குடுத்தா இன்ஜினுக்கு எப்படிப் போகும், அது ரப்பர் மவுண்ட்ல தான உக்காந்திருக்கு. செல்ஃபுக்கு போற கரண்டு திரும்பி வர வழி இல்லன்னா கிடைச்ச வழியில வரும், உன் ஆக்சிலேட்டர் கேபிள் வழியா வருது." அப்புறம் ஒரு பேப்பர்ல படம் போட்டு மல்டிமீட்டர எங்கங்க வைக்கணும்னு காட்டுனாங்க. அன்னைக்கு ராத்திரியே அளந்தேன்.

அளந்த விதத்த விவரமா சொல்றேன், இந்த ஒரு டெஸ்ட் தெரிஞ்சிருந்தா எங்களுக்கு ஆறாயிரம் ரூபா மிச்சம். காயிலுக்குப் போற பாசிட்டிவ் வயர கழட்டிரணும், அப்பத்தான் செல்ஃப் அடிச்சா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம சுத்திக்கிட்டே இருக்கும். மீட்டர 20 வோல்ட் டிசில வச்சு ஒருத்தர் சாவிய பிடிக்க இன்னொருத்தர் அளக்கணும், ஒரு தடவைக்கு அஞ்சு செகண்டுக்கு மேல அடிக்க வேண்டாம். முக்கியமானது என்னன்னா செல்ஃப் சுத்திட்டு இருக்கும்போதே அளக்கணும். சும்மா நிக்கும்போது அளந்தா எல்லா இடத்துலயும் 12.6 காட்டும், எல்லாம் நல்லா இருக்குன்னு நம்பிருவோம், நாங்க மூணு மாசம் அப்படித்தான் நம்பிட்டு இருந்தோம்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில 10.9. செல்ஃப் மோட்டார் ஸ்டட்டுக்கும் (கேபிள் மாட்டுற முனை) மோட்டார் பாடிக்கும் நடுவுல 8.4. ரெண்டரை வோல்ட்ட காணும். இப்ப மீட்டரோட சிவப்ப பேட்டரி பாசிட்டிவ் முனையில, கருப்ப செல்ஃப் ஸ்டட்டுல வச்சு அடிச்சா 0.6, அது பாசிட்டிவ் கேபிள்ல போற நஷ்டம். அதே மாதிரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் வச்சா 1.9. ரெண்டையும் கூட்டுனா 2.5, கணக்கு நேரா வந்துச்சு. அந்த நேரத்துல எனக்கு வந்த சந்தோஷத்த சொல்ல முடியாது, பேட்டரியும் மோட்டாரும் பாவம் ஒரு தப்பும் பண்ணல.

அந்த 1.9ஐ இன்னும் துண்டு துண்டா அளந்தோம். பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் 0.05, நல்லா இருக்கு. கிளாம்புக்கும் ஃப்ரேம் பைப்புக்கும் (பெயிண்ட சுரண்டி உலோகம் தெரியிற இடத்துல வச்சு) 1.1. ஃப்ரேமுக்கும் இன்ஜினுக்கும் 0.7. எர்த் போல்ட்ட கழட்டிப் பாத்தா கீழ ரெட் ஆக்ஸைடு பிரைமர், அதுக்கு மேல ரெண்டு கோட்டு பெயிண்ட், அதுக்கு மேல லக் (கேபிள் நுனியில இருக்க உலோக வளையம்). போல்ட்டோட மரை வழியா மட்டும் தான் அவ்வளவு கரண்டும் போயிட்டு இருந்திருக்கு. செல்ஃப் அடிச்ச உடனே அந்த போல்ட்ட தொட்டா சுட்டுச்சு. ஃப்ரேம்ல இருந்து இன்ஜினுக்கு நாங்க போட்டிருந்தது வெறும் 4 ஸ்கொயர் எம்எம் வயர், அந்த லக் உள்ள செம்பு பச்சை பூத்துப் போயிருந்துச்சு. கடல்காத்து ஊர், அந்த உப்பும் மணலும் சேந்தா திறந்து கிடக்க எந்த செம்பும் ஆறு மாசம் தாங்காது.

இதுல ஒரு தப்பான கேபிளும் வாங்கினேன். ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் செட் ஒண்ணு, பாக்க விரல் தண்டி இருந்துச்சு, 450 ரூபா, அதயே வெட்டிப் போட்டுக்கலாம்னு வாங்கி வெட்டுனா மேல ரப்பர் தான் தடி, உள்ள கம்பி மெலிசு, கத்தியால சுரண்டுனா செம்பு பூச்சு போய் வெள்ளையா அலுமினியம். அத எடுத்து வச்சிட்டு தூத்துக்குடி போய் செம்பு வெல்டிங் கேபிள் 25 ஸ்கொயர் எம்எம் ஏழு மீட்டர் வாங்குனேன், மீட்டர் 280. கடையில ஒரு நுனிய சுரண்டிப் பாத்து, கம்பி உள்ளயும் சிவப்பா இருக்கான்னு பாத்து வாங்குங்க, கடைக்காரர் தப்பா நினைச்சுக்க மாட்டார்.

நெகட்டிவ்ல இருந்து நேரா கியர்பாக்ஸ் போல்ட்டுக்கு ஒரு கேபிள், நடுவுல ஃப்ரேம நம்பவே இல்ல. பாசிட்டிவும் அதே 25. இன்ஜின்ல இருந்து ஃப்ரேமுக்கு தனியா 10 ஸ்கொயர் எம்எம்ல ஒண்ணு, லைட்டு ஹாரனுக்காக. பெயிண்ட உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு, ஸ்டார் வாஷர் வச்சு, டைட் பண்ணின பிறகு மேல வாசலின். வாசலின் முதல்ல தடவிட்டு டைட் பண்ணக் கூடாதான்னு தம்பி கேட்டான், அண்ணாச்சி சொன்னது உலோகமும் உலோகமும் முதல்ல கடிச்சுப் பிடிக்கட்டும், காத்தும் தண்ணியும் போகாம இருக்கத்தான் வாசலின்னு. அப்படியே பண்ணினோம். லக்க சுத்தியலால தட்டி நசுக்காம வெல்டிங் பட்டறையில இருந்து ஹைட்ராலிக் கிரிம்பர் (லக்க கேபிளோட அழுத்திப் பிடிக்க வைக்கிற கருவி) ஒரு மணி நேரம் இரவல் வாங்கி அடிச்சோம்.

மறுபடி அளந்தா பேட்டரியில 10.8, செல்ஃப்ல 10.1. நெகட்டிவ் பக்கம் 0.3, பாசிட்டிவ் பக்கம் 0.4. சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. இதுக்குப் பிறகும் சூட்டுல ரெண்டு தடவை டக்குன்னு மட்டும் அடிச்சுச்சு, அது என்னன்னா சாவியில இருந்து சொலினாய்டுக்கு (செல்ஃப இயக்குற காந்த சுவிட்ச்) போற சின்ன வயர், முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒண்ணரை ஸ்கொயர்ல போய் அங்க போய்ச் சேரும்போது 8.1 தான் இருந்துச்சு. பின்னாடியே ஒரு 40 ஆம்ப் ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்ட விடுற சுவிட்ச்) வச்சு, சாவி ரிலேய மட்டும் இழுக்கிற மாதிரி மாத்துனதும் அது சரியாயிருச்சு. 120 ரூபா வேலை.

முதல் தொல்லை முடிஞ்சது. ஆனா குதிச்சா ஆஃப் ஆகுறது அப்படியே இருந்துச்சு, அதுல நாங்க ஒரு முழு சனிக்கிழமைய வீணாக்கினோம். எங்கயோ வயர் உரசி ஷார்ட் ஆகுதுன்னு நினைச்சு, ஃபியூஸ கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு 21 வாட்ஸ் பிரேக் லைட் பல்ப மாட்டினோம். ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், ஃபியூஸ் போகாது, வயர அசைச்சு அசைச்சு பல்பு எப்ப பிரகாசமாகுதுன்னு பாத்தா இடத்த பிடிச்சிரலாம். ரொம்ப நல்ல வழி தான், ஆனா எங்க கோளாறுக்கு பொருந்தாத வழி. சாயங்காலம் டீ குடிக்கும்போது தம்பி தான் கேட்டான், "அண்ணே, ஷார்ட்னா ஃபியூஸ் போயிருக்கணும்ல, ஒரு தடவை கூட ஃபியூஸ் போகலயே?" காலைலயே அத யோசிச்சிருக்கணும். இது ஷார்ட் இல்ல, எங்கயோ கண நேரம் விட்டுப் போகுது.

விட்டுப் போறத நிறுத்தி வச்ச வண்டியில பிடிக்க முடியாது, ஓடும்போது தான் பிடிக்கணும். அதனால ஒரு சின்ன 12 வோல்ட் பல்ப ஸ்டியரிங்குக்கு முன்னாடி டேப் போட்டு ஒட்டி, அதோட ஒரு கால எர்த்துல குடுத்து, இன்னொரு காலுக்கு நீள வயர் போட்டு காயில் பாசிட்டிவ்ல மாட்டினோம். மெதுவா ஓட்டி வரப்புல ஏத்தி இறக்கிப் பாத்தா, இன்ஜின் தடுமாறுற அதே நொடியில பல்பும் சிமிட்டுது. அப்ப காயிலுக்கு வர்ற சப்ளைலதான் கோளாறு, டிஸ்ட்ரிபியூட்டரயோ காயிலயோ தொட வேண்டாம். பல்பு அணையாம இருந்து இன்ஜின் மட்டும் நின்னிருந்தா தேட வேண்டிய இடமே வேற.

அப்புறம் அந்த வயர படிப்படியா முன்னாடி நகத்துனோம். கில் சுவிட்சுக்கு (இன்ஜின அவசரமா நிறுத்துற பட்டன்) வெளிய போற முனை: சிமிட்டுது. கில் சுவிட்சுக்கு உள்ள வர்ற முனை: சிமிட்டல. மூணு ரவுண்டு ஓட்டியும் சிமிட்டல. இருபது நிமிஷத்துல முடிஞ்சது.

அந்த கில் சுவிட்ச் கண்ட்ரோல் பேனல்ல போடுற சிவப்புக் குமிழ் பட்டன், 180 ரூபா. தலை பேனல்ல நல்லா உறுதியா தான் இருக்கும், ஆனா பின்னாடி காண்டாக்ட் பிளாக் தனியா ஒரு சின்ன கிளிப்புல தொங்கும். சுவத்துல மாட்டுன மெஷினுக்கு அது போதும். இங்க ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த பிளாக் கொஞ்சம் ஆடி காண்டாக்ட் விலகுது, திறந்து பாத்தா உள்ள செம்மணல் மாவு மாதிரி படிஞ்சு கிடக்கு. தேரி மணல்ல ரொம்ப பொடியான தூசி கலந்திருக்கும், எங்க வேணா நுழையும்.

அத தூக்கிட்டு, கார்ல பேட்டரி கட் பண்ற திருகு சுவிட்ச் ஒண்ண பேட்டரி நெகட்டிவ்ல போட்டோம், ரெண்டு முனை உள்ளது. இது நாங்க பண்ணினதுலயே ஆபத்தான தப்பு. இன்ஜின் ஓடும்போது திருகி ஆஃப் பண்ணினா இன்ஜின் நிக்கல! பேட்டரி போனா என்ன, டைனமோ கரண்டு குடுத்துக்கிட்டே இருக்கு, காயிலுக்கு அது போதும். அதுமட்டுமில்ல, பேட்டரி இல்லாததால வோல்டேஜ் எகிறி ஹெட்லைட் ஒரு நொடி வெள்ளையா எரிஞ்சு ஃபியூஸாயிருச்சு. டைனமோ டயோட் தப்பிச்சது அதிர்ஷ்டம். வண்டி கவிழ்ந்து கிடக்கும்போது, பெட்ரோல் ஒழுகிட்டு இருக்கும்போது, இன்ஜின நிறுத்தாத கில் சுவிட்ச நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. யாரும் இத பண்ணிராதீங்க.

சரியான பொருள் ரேஸ் வண்டிகள்ல போடுற ஆறு முனை மாஸ்டர் சுவிட்ச். ரெண்டு பெரிய முனை பேட்டரிக்கு. சின்ன முனையில ஒரு ஜோடி காயில் சப்ளைய துண்டிக்கும். இன்னொரு ஜோடி, ஆஃப் பண்ற நேரத்துல டைனமோல மிச்சம் இருக்க கரண்ட ஒரு 3 ஓம் ரெசிஸ்டர் வழியா எர்த்துக்கு விட்டுரும், அந்த ரெசிஸ்டர் கூடவே வந்துச்சு. 950 ரூபா. பாசிட்டிவ் பக்கமா மாட்டி, முனைக்கு எல்லாம் ரப்பர் தொப்பி போட்டு, ஓடும்போது ஆஃப் பண்ணிப் பாத்தோம், ரெண்டு நொடியில இன்ஜின் அமைதியாயிருச்சு. மாசம் ஒரு தடவை இந்த டெஸ்ட் பண்ணிட்டு தான் மணல்ல இறக்கணும்னு வச்சிருக்கோம்.

இப்ப மூணாவது, பேட்டரி இறங்குறது. மாஸ்டர் சுவிட்ச ஆஃப் பண்ணி வச்சா இறங்காது தான், ஆனா அது கோளாற மூடி வைக்கிறது, அதனால தேடுறதுன்னு முடிவு பண்ணினோம். சாவி ஆஃப்ல நெகட்டிவ் கேபிள கழட்டி, மீட்டர 10 ஆம்ப் முனையில மாத்தி நடுவுல மாட்டுனா 0.17 ஆம்ப் ஓடிக்கிட்டே இருக்கு. (இப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போயிரும்.) ஃபியூஸ ஒவ்வொண்ணா உருவினோம். முன்னாடி எல்இடி பார் லைட்டோட ஃபியூஸ உருவினதும் 0.02க்கு இறங்கிருச்சு, அந்த மிச்சம் சார்ஜர் சாக்கெட்டுல இருக்க சின்ன வோல்ட் மீட்டர்.

லைட் எரியல, ஆனா அதோட ரிலே தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. அப்பத்தான் தம்பிக்கு ஞாபகம் வந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடி ராத்திரி உக்காந்து அவசரமா வயரிங் பண்ணினப்போ அஞ்சு பின் ரிலேல லைட் வயர 87ல (ரிலே இழுத்தா கரண்டு வர்ற முனை) மாட்டாம நடுவுல இருக்க 87ஏல (ரிலே இழுக்காதப்போ கரண்டு வர்ற முனை) மாட்டியிருக்கான், சுவிட்ச் ஆஃப்ல லைட் எரியுது, ஆன் பண்ணா அணையுது, சுவிட்ச தலைகீழா திருப்பி மாட்டிட்டா சரியாப் போச்சுன்னு விட்டுட்டான். அதாவது லைட் அணைஞ்சிருக்க நேரம் பூரா, ராவும் பகலும், ரிலே காயில் கரண்டு குடிச்சிட்டு இருந்திருக்கு. ஒரு வயர மாத்தி மாட்டுனதோட அது சரி. அவன நான் ஒண்ணும் சொல்லல, அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் பிடிச்சுட்டு பக்கத்துல நின்னதே நான்தான்.

ஆனா கணக்கு போட்டுப் பாத்தா இடிச்சுச்சு. 0.15 ஆம்ப்னா ஒரு நாளைக்கு 3.6 ஆம்ப் ஹவர், மூணு நாளைக்கு பதினொண்ணு. 35 ஏஹெச் பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருந்தா பதினொண்ணு போனா செல்ஃப் அடிக்காம போகாதே. அப்ப பேட்டரி முழுசாவே ஆகல. இன்ஜின் ஓட விட்டு அளந்தா ஐடிலிங்ல 12.3. கொஞ்சம் ரேஸ் பண்ணாலும் 12.3. நல்லா முழு ரேஸ் குடுத்த பிறகு திடீர்னு 14.2க்கு ஏறி, அப்புறம் ஐடிலிங்லயும் 14 பக்கம் நிக்குது. ஆஃப் பண்ணி திரும்ப ஸ்டார்ட் பண்ணா மறுபடி 12.3.

டைனமோ போச்சுன்னு அண்ணாச்சிட்ட போன் போட்டேன். "சார்ஜ் லைட்டுக்கு என்ன பல்பு போட்டிருக்க?"ன்னு கேட்டாங்க. பழைய இரும்புக் கடையில எடுத்த டைனமோ, பெரிய முனை ஒண்ணு, சார்ஜ் லைட்டுக்கு ஒரு சின்ன முனை, அவ்வளவுதான். பல்பு குலுங்கி குலுங்கி ஃபிலமெண்ட் அறுந்துக்கிட்டே இருந்ததால அதுக்குப் பதிலா ஒரு சிவப்பு எல்இடி போட்டிருந்தேன். இந்த வகை டைனமோ சுத்த ஆரம்பிக்கும்போது ஃபீல்டுக்கு (உள்ள காந்தத்த உண்டாக்குற சுருள்) முதல் கரண்டு அந்த பல்பு வழியா தான் போகணுமாம். 3 வாட்ஸ் பல்புன்னா கால் ஆம்ப் விடும், எல்இடி விடுறது அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. அதனால டைனமோ தானா தூண்டிக்கிற வேகம் வர்ற வரைக்கும் சும்மா சுத்திட்டு இருந்திருக்கு. குதிச்சு குதிச்சு இன்ஜின் நின்னு திரும்ப ஸ்டார்ட் ஆன ஒவ்வொரு தடவையும் சார்ஜிங் முதல்ல இருந்து. ஒரு கோளாறு இன்னொரு கோளாற வளத்துட்டு இருந்திருக்கு.

3 வாட்ஸ் பல்ப திரும்ப போட்டு, அது அறுந்தாலும் சார்ஜிங் நிக்காம இருக்க அதுக்கு பேரலல்லா ஒரு 47 ஓம் 5 வாட்ஸ் ரெசிஸ்டர். ரெண்டுக்கும் சேத்து 45 ரூபா. ஸ்டார்ட் ஆன உடனே 14.1. போன்லயே அண்ணாச்சிக்கு சொன்னேன், "சரி லே, இனியாவது மீட்டர எடுத்துட்டு ஸ்பேனர எடு"ன்னாங்க.

அப்புறம் ரெண்டு வார சனி ஞாயிறு வயரிங் முழுசும் பிரிச்சு திரும்ப கட்டினோம். சாலிடர் வச்ச இடமெல்லாம் வெட்டி எறிஞ்சோம், சாலிடர் ஊறின இடத்துல கம்பி விறைப்பாகி அது முடியிற எல்லையில ஒடியுது, அப்படி பாதி ஒடிஞ்சது மூணு இடம் கையில கிடைச்சுச்சு. இப்ப எல்லாம் கிரிம்ப், மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற ட்யூப்). ஜாயிண்டுகள் வாய் கீழ பாக்கிற மாதிரி கட்டியிருக்கோம், மணல் உள்ள தங்காது. பைப்ப ஒட்டி ரப்பர் வச்ச கிளாம்ப் ஒரு சாணுக்கு ஒண்ணு. வீட்டு வயரிங்குக்கு போடுற வயர் ரெண்டு இடத்துல இருந்துச்சு, அதையும் தூக்கிட்டு ஆட்டோ கேபிள் போட்டாச்சு.

செலவு: கேபிள் 1960, லக்ஸ் எட்டு 280, ரிலேயும் சாக்கெட்டும் 240, மாஸ்டர் சுவிட்ச் 950, பல்பு ரெசிஸ்டர் 45, மத்த வாஷர், ஷ்ரிங்க், கான்ட்யூட் எல்லாம் சேத்து 600. மொத்தம் 4075. அதுக்கு முன்னாடி அளக்காம மாத்தினது 6010, அந்த அலுமினியக் கேபிள சேக்காம.

அடுத்த வண்டின்னு ஒண்ணு கட்டினா பேட்டரிய பின்னாடி இன்ஜின் பக்கத்துலயே வைப்பேன், மூணு மீட்டர் கேபிளே தேவைப்படாது, வெயிட்ட வேற ஏதாவது வச்சு சமன் பண்ணிக்கலாம். எர்த் போல்ட்டுக்குன்னு ஃப்ரேம்ல தனியா ஒரு பட்டைய வெல்ட் அடிச்சு, பெயிண்ட் அடிக்கும்போது அதுக்கு டேப் ஒட்டி விட்டுருவேன். ஃபியூஸ் பாக்ஸ் இப்ப சீட்டுக்கு அடியில இருக்கு, ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட் கழட்டணும், அத டேஷ்போர்டு பக்கம் கொண்டு வரணும். ஒவ்வொரு வயருக்கும் ரெண்டு நுனியிலயும் நம்பர் வளையம்.

பெட்ரோல் கேஜ் இன்னும் சரியில்ல, டேங்க் நிறைஞ்சிருந்தாலும் பாதி தான் காட்டுது. டேங்க்கும் ரப்பர் மேல தான் உக்காந்திருக்கு, அதுக்கு எர்த் வயர் போட்டமான்னு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல. வர்ற சனிக்கிழமை மீட்டரோட அங்க இருந்து ஆரம்பிக்கிறோம்.